கையடக்க ரெக்கார்டரை வீட்டு ஸ்டீரியோவோட கனெக்ட் பண்றது எப்படி: எந்த வயர், எந்த ஓட்டை, எவ்ளோ லெவல்

எங்க சின்ன அத்தை கல்யாணத்துல வாசிச்ச நாயனம் ஒரு சி-90 கேசட்ல (ரெண்டு பக்கமும் சேர்த்து 90 நிமிஷம் ஓடுறது) இருக்கு, மைக்செட்காரர்கிட்ட சொல்லி மாமா பதிவு பண்ண வெச்சது. அந்த ஒரு கேசட்டைத் தவிர அந்த வாசிப்பு வேற எங்கயும் கிடையாது, அதனால அதை என் கையடக்க ரெக்கார்டர்ல ஏத்தி வெச்சுக்கணும்னு உக்காந்தேன், முதல் தடவை வந்த பதிவு கேக்கவே முடியல, மூணாவது தடவைதான் சரியா வந்துச்சு. ஜூம், டாஸ்காம், சோனின்னு இந்த மாதிரி ரெக்கார்டர் இப்போ நிறைய பேர்கிட்ட இருக்கு, வீட்டுல பழைய ஸ்டீரியோவும் டெக்கும் (கேசட் ஓட்டுற பெட்டி) இருக்கு, ரெண்டையும் எப்படிச் சேர்க்கிறதுன்னுதான் குழப்பம், அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

ரெக்கார்டர்ல இருக்கிறதை ஸ்டீரியோவுல கேக்குறது ரொம்ப சுலபம், அதை முதல்ல முடிச்சிடுறேன். ஒரு முனையில 3.5 எம்எம் ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில சிவப்பு வெள்ளை ஆர்சிஏ பின்னும் இருக்கிற வயர் வேணும், ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடையில "ஈபி ஸ்டீரியோ டு ஆர்சிஏ"ன்னு கேட்டா எடுத்துக் கொடுத்துடுவாங்க. வாங்கும்போது சின்னப் பின்னைக் கொஞ்சம் உத்துப் பாருங்க, அதுல ரெண்டு கருப்பு வளையம் இருக்கணும், ஒண்ணே ஒண்ணு இருந்தா அது மோனோ, மூணு இருந்தா அது போன்ல மைக்கோட சேர்த்துப் போடுறது, ரெண்டுமே நமக்கு ஆகாது. சின்னப் பின்னை ரெக்கார்டரோட ஹெட்போன் இல்ல லைன் அவுட் ஓட்டையில போடுங்க, சிவப்பு வலது, வெள்ளை இடது, ஆம்ப் (ஸ்டீரியோவுல ஸ்பீக்கரை ஓட்டுற ஆம்ப்ளிஃபயர்) பின்னாடி ஆக்ஸ்னு போட்டிருக்கிற ஜோடியில சொருகிடுங்க. ஆக்ஸ் காலியா இல்லைன்னா சிடி, டேப் இன் எதுல வேணா போடலாம், ஃபோனோ மட்டும் வேண்டாம், அது ரெக்கார்டு பிளேயரோட முள்ளுல இருந்து வர்ற சில மில்லிவோல்ட் சிக்னலுக்குன்னே செஞ்சது, சிக்னலைப் பல மடங்கு ஏத்தி பேஸையும் தூக்கி விடும், உங்க ரெக்கார்டரைப் போட்டா கொரகொரன்னு கத்தும். ரெக்கார்டர் வால்யூமை முக்கால்வாசி வெச்சுட்டு மீதியை ஆம்ப்லயே ஏத்திக்கோங்க, இதைத் திருப்பி செஞ்சா, அதாவது ரெக்கார்டரைக் கம்மியா வெச்சு ஆம்பை ஏத்தினா, உஸ்ஸுங்கிற இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

இப்போ எதிர்த் திசை, ஸ்டீரியோவுல ஓடுறதை ரெக்கார்டர்ல பிடிக்கிறது. ஆம்ப் பின்னாடி டேப் அவுட் இல்ல ரெக் அவுட்னு ஒரு ஜோடி ஓட்டை இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, இருந்தா வேற எதையும் யோசிக்கவே வேண்டாம். அதுல வர்ற சிக்னல் வால்யூம் குமிழுக்கு முன்னாடியே பிரிஞ்சு வர்றது, அதனால நீங்க வால்யூமைக் குறைச்சாலும் ஏத்தினாலும் பேஸ் ட்ரெபிளைத் திருகினாலும் பதிவுல ஒண்ணும் மாறாது, ராத்திரி ஸ்பீக்கரை சுத்தமா நிறுத்திட்டு கூட பதிவு பண்ணிக்கலாம். தனி டெக் வெச்சிருந்தா அதோட லைன் அவுட்ல இருந்து நேரா எடுக்கிறது இன்னும் நல்லது, நடுவுல ஒரு பெட்டி குறையுது பாருங்க.

எல்லாம் ஒரே பெட்டியா இருக்கிற மினி ஸ்டீரியோவுல பெரும்பாலும் ரெக் அவுட் இருக்காது, ஹெட்போன் ஓட்டைதான் கதி. அதுலயும் எடுக்கலாம், ஆனா வால்யூமைப் பூஜ்யத்துல வெச்சு சொருகிட்டு அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும், பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாத்தையும் அணைச்சிடணும்.

ஸ்பீக்கர் வயர்ல இருந்து மட்டும் எடுக்காதீங்க, யார் சொன்னாலும் எடுக்காதீங்க. லைன் சிக்னல் அரை வோல்ட்டுக்குள்ள, சிடி பிளேயர்னா 2 வோல்ட் வரைக்கும், ஆனா 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் போகும்போது அந்த வயர்ல 20 வோல்ட் ஓடுது, ரெக்கார்டர் தாங்காது. நிறைய ஆம்ப்ல ஸ்பீக்கரோட மைனஸ் முனையே கிரவுண்டு கிடையாது, அதை ரெக்கார்டர் கிரவுண்டோட சேர்த்தா ஆம்பும் போயிடும்.

ரெக்கார்டர் பக்கம் வயரை லைன் இன்ல போடணும். சின்ன ரெக்கார்டர்ல மைக்குக்கும் லைனுக்கும் ஒரே ஓட்டையா இருக்கும், அப்போ மெனுவுல லைன்னு மாத்தணும், பிளக் இன் பவர்னு ஒண்ணு இருந்தா அதை ஆஃப் பண்ணணும், அது மைக்குக்கு அனுப்புற சின்ன வோல்ட்டேஜ், நம்ம ஆம்ப்புக்குத் தேவையில்லை. வெறும் மைக் இன் மட்டும் இருக்கிற மாடல்னா சிக்னலைக் குறைக்கிற அட்டெனுவேட்டர் வயர் வாங்கணும், நேராப் போட்டா லெவலைப் பூஜ்யத்துக்கிட்ட கொண்டு வந்தாலும் உடைஞ்சுதான் பதிவாகும்.

முதல் தடவை நான் ஏமாந்தது ஆட்டோ லெவல்ல. நாயனம் தனியா ஆலாபனை போகுற வரைக்கும் நல்லா இருந்துச்சு, கெட்டிமேளம் வந்ததும் ரெக்கார்டர் பயந்து லெவலை அமுக்கிடுச்சு, தாலி கட்டுற நேரத்துல தவில் அடி எல்லாம் போர்வைக்குள்ள அடிக்கிற மாதிரி, மேளம் நின்னதும் லெவல் மெதுவா ஏறி டேப்போட உஸ்ஸு சத்தம் அலை மாதிரி எழும்பி வருது. அதனால ஆட்டோ லெவல், லிமிட்டர் (சத்தம் எகிறினா அமுக்குறது), லோ கட் (அடி சத்தத்தை வெட்டுறது) மூணையும் ஆஃப் பண்ணிடுங்க. அப்புறம் கேசட்ல எது ரொம்ப சத்தமான இடமோ அதை ஓட்டிப் பார்த்து, மீட்டர்ல உச்சம் மைனஸ் 6 டிபியைத் தாண்டாம, மைனஸ் 12 பக்கம் நிக்குற மாதிரி லெவலைக் கையால வைங்க, வெச்சுட்டா பதிவு முடியுற வரைக்கும் தொடாதீங்க. மீட்டர் 0-வைத் தொட்டா அந்த இடம் உடைஞ்சுடும், அதைப் பின்னாடி எந்த சாஃப்ட்வேராலயும் முழுசா மீட்க முடியாது, கம்மியா இருந்தா ஏத்திக்கலாம்.

வேவ் ஃபைல், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைங்க, எம்பி3 வேண்டாம், அதை எப்போ வேணா பின்னாடி பண்ணிக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1 ஜிபி ஆகும், சி-90 முழுசா ஒன்றரை ஜிபிக்குக் கொஞ்சம் மேல, 32 ஜிபி கார்டு போட்டா தாராளம்.

ரெண்டாவது தடவை வந்த தொல்லை ஹம். லெவல் எல்லாம் சரி, ஆனா அடியில ம்ம்ம்ம்னு ஒரு சத்தம் விடாம ஓடுது, நான் வயரை மாத்தினேன், பின்னைத் துடைச்சேன், போகல, கடைசியில பார்த்தா ரெக்கார்டரை யுஎஸ்பி சார்ஜர்ல போட்டு ஓட்டிட்டு இருந்தேன், சார்ஜரைப் பிடுங்கின அந்த நொடியே சத்தம் நின்னுச்சு. கரண்டோட 50 ஹெர்ட்ஸ் சார்ஜர் வழியா வந்து ரெண்டு பெட்டிக்கும் நடுவுல சுத்துறது அது, பேட்டரியில ஓட்டினா பாதை அறுந்துடும். பேட்டரி புதுசாப் போட்டுட்டு ஆரம்பிங்க.

இன்னொண்ணு, ரெக்கார்டரோட அவுட்டை ஆக்ஸ்லயும் ரெக் அவுட்டை ரெக்கார்டர் இன்லயும் ஒரே நேரத்துல மாட்டி வெச்சுட்டு செலக்டரை ஆக்ஸுக்குத் திருப்பினா சத்தம் சுத்திச் சுத்தி வந்து ஊளையிடும், ஸ்பீக்கர்ல கீச்சு சத்தத்துக்குன்னு இருக்கிற ட்வீட்டர் போயிடலாம். ரெண்டு வயரும் நிரந்தரமா இருக்கணும்னா டேப் இன், டேப் அவுட் ஜோடியைப் பயன்படுத்துங்க, அது இந்தச் சுத்து வராத மாதிரி செஞ்சது.

ரெக்கார்ட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி கேசட்டையும் டெக்கையும் கவனிங்க. கேசட் முதுகுல ரெண்டு மூலையில இருக்கிற குட்டி பிளாஸ்டிக் நாக்கை உடைச்சு விடுங்க, கை தவறி டெக்ல ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல காது குடையுற பஞ்சை நனைச்சு ஹெட்டைத் துடைங்க, பஞ்சு காப்பிப் பொடி நிறத்துல வரும், வெள்ளையா வர்ற வரைக்கும் துடைங்க, எங்க டெக்ல இதுக்கு அப்புறம்தான் ஜால்ரா சத்தமே தனியாக் கேட்டுச்சு. ரொம்ப நாளாத் தொடாத கேசட்டுன்னா ஒரு தடவை கடைசி வரைக்கும் ஓட்டித் திருப்பிச் சுத்திடுங்க, ஒட்டிக்கிட்டு இருக்கிற டேப் பிரியும். டால்பி (டேப்போட உஸ்ஸைக் குறைக்கிற ஏற்பாடு) போட்டுப் பதிவு பண்ண கேசட்டா இல்லைன்னா டால்பியை ஆஃப்லயே விடுங்க, போட்டா உஸ்ஸு குறையுற மாதிரி இருக்கும் ஆனா நாயனத்தோட கூர்மையும் சேர்ந்து போயிடும்.

ஒரு நிமிஷம் பதிவு பண்ணி ஹெட்போன்ல கேளுங்க, ரெண்டு காதுலயும் வருதான்னு பாருங்க, அப்புறம் முதல்ல இருந்து ஓட்டுங்க. முடிஞ்சதும் ஃபைலை அன்னிக்கே கம்ப்யூட்டர்லயும் ஒரு ஹார்ட் டிஸ்க்லயும் போட்டுட்டு, கேசட்டைப் பெட்டியில போட்டு நிக்க வைங்க, ஸ்பீக்கர் மேல மட்டும் வைக்காதீங்க, உள்ள இருக்கிற காந்தம் டேப்புக்கு ஆகாது.