ஒரு நாள், நான்கு படங்கள்: திரைப்பட விழாவில் பொழுதைத் திட்டமிடும் முறை

திரைப்பட விழாவுக்கு முதன்முறை செல்பவர்களில் பலர், அட்டவணை கைக்கு வந்ததும் காலை முதல் இரவு வரை ஐந்து படங்களுக்கு வட்டமிட்டுவிடுகிறார்கள். மூன்றாவது படத்தின் நடுவிலேயே கண் செருகத் தொடங்கிவிடும். ஐந்தாவது படத்தில் பார்த்தது எது, கனவில் கண்டது எது என்று மறுநாள் அவர்களுக்கே தெரியாது. என் அனுபவத்தில் நான்கு முழுநீளப் படங்களே ஒரு நாளின் எல்லை. மூன்று முழுநீளப் படங்களும் ஒரு குறும்படத் தொகுப்பும் என்றால் இன்னும் நல்லது. ஆனால் எத்தனை படங்கள் என்பதைவிட, அவற்றுக்கு நடுவே எவ்வளவு நேரம் விடுகிறோம் என்பதே அந்த நாள் எப்படி அமையும் என்பதைத் தீர்மானிக்கிறது.

அட்டவணையில் அச்சாகியிருப்பது படத்தின் நீளம் மட்டுமே. காலை 10 மணிக்குத் தொடங்கும் 110 நிமிடப் படம் 11.50-க்கு முடியும் என்று காகிதம் சொல்லும். தொடக்கத்தில் படத்தை அறிமுகப்படுத்தும் சில நிமிடங்களையும், முடிவில் இயக்குநருடன் நடக்கும் கலந்துரையாடலையும், கூட்டத்தோடு வெளியேறும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் அரங்கின் வாசலுக்கு வரும்போது 12.30 ஆகியிருக்கும். ஆகவே ஒரே வளாகத்துக்குள் இரு படங்களுக்கு நடுவே குறைந்தது 45 நிமிடமும், வேறொரு அரங்குக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு மேல் பயண நேரமும் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

காட்சிகள் தாமதமாவதற்கு அமைப்பாளர்களின் மெத்தனம்தான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். இன்று பெரும்பாலான படங்கள் பூட்டப்பட்ட டிஜிட்டல் கோப்புகளாகவே அரங்குக்கு வருகின்றன. அவற்றைத் திறக்கும் மின்னணுச் சாவி, குறிப்பிட்ட ஒரு திரையரங்கின் கருவிக்கும் குறிப்பிட்ட ஒரு கால அளவுக்கும் மட்டுமே செல்லுபடியாகும்படி தயாரிக்கப்படுகிறது. சாவி வந்து சேராவிட்டாலோ, அதில் நேரம் பிழையாகக் குறிக்கப்பட்டிருந்தாலோ, படம் அரங்கிலேயே இருந்தும் ஓடாது. அதே காரணத்தால் அதைச் சட்டென்று பக்கத்து அரங்குக்கு மாற்றவும் முடியாது. எனவே ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு மாற்றுப் படத்தையும் குறித்து வைத்திருங்கள். அரங்கு நிரம்பிவிட்டால், அனுமதி அட்டை வைத்திருப்பவரும் பல விழாக்களில் வெளியேதான் நிற்க வேண்டியிருக்கும் என்பதால், அப்போதும் அந்த மாற்று ஏற்பாடு உதவும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? எல்லோரும் பேசிக்கொள்ளும் படத்தை நான் முதலில் தள்ளி வைத்துவிடுவேன். அதற்கு விநியோகஸ்தர் கிடைத்திருப்பார். சில மாதங்களில் திரையரங்கிலோ இணையத்திலோ அது எப்படியும் வந்துவிடும். மறுபடி பார்க்கக் கிடைக்காதவை ஆவணப்படங்களும், முதல் படம் எடுத்தவர்களின் முயற்சிகளும், குறும்படங்களும், புதுப்பிக்கப்பட்ட பழைய படங்களும்தான். அந்தப் பழைய படத்தை 35 மி.மீ. படச்சுருள் பிரதியிலேயே திரையிடுகிறார்கள் என்றால், வேறெதை விட்டாவது அதற்குப் போங்கள். நொடிக்கு 24 படச்சட்டங்கள் வீதம், 2,000 அடிச் சுருள் ஒன்று சுமார் 22 நிமிடம் ஓடும். சுருளை மாற்றும்படி படம் ஓட்டுபவருக்கு அடையாளமாக, சுருள் மாறும் தருணத்தில் திரையின் வலது மேல்மூலையில் மின்னி மறையும் புள்ளியைக் கண்டுபிடிப்பது தனி மகிழ்ச்சி.

படங்களை எந்த வரிசையில் பார்ப்பது என்பதில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். நிதானமாக நகர்வதும், சப்டைட்டிலை இடைவிடாமல் வாசிக்க வேண்டியதுமான படம் காலைக்கு உரியது. மதிய உணவுக்குப் பிறகு உடலே தூக்கத்தைக் கேட்கும் நேரம் என்பதால், அங்கே குறும்படத் தொகுப்பை வைத்துவிடுங்கள். கண்ணயர்ந்தாலும் ஒரு குறும்படம்தான் போகும், அடுத்தது தொடங்கும்போது விழித்துக்கொள்ளலாம். மிகக் கனமான படத்தைக் கடைசியில் வைத்தால்தான் அதன் தாக்கம் நிலைக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரவு ஒன்பது மணிக்கு மூன்று மணி நேரப் படத்தில் உட்காருவது அந்தப் படத்துக்குச் செய்யும் அநீதி. அந்த நேரத்துக்கு நகைச்சுவையோ மர்மக் கதையோ போதும்.

இருக்கையைப் பொறுத்தவரை, அரங்கின் நீளத்தில் முன்னிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில் அமர்ந்தால் ஒலி சீராகக் கேட்கும். ஆனால் தரை சரிவாக இல்லாத அரங்கில், முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைத்துவிடும். அங்கே நடைபாதையை ஒட்டிய இருக்கையே மேல். அடுத்த காட்சிக்கு விரைய வேண்டியவருக்கும் அதுவே வசதி. கலந்துரையாடலுக்கு இருக்க முடியாதென்றால், பேச்சு தொடங்குவதற்கு முன்பே எழுந்துவிடுவது மரியாதை.

வயிறு முட்ட ஒரே வேளையாக உண்பதைவிட, சிறிது சிறிதாக இருமுறை உண்பது தூக்கத்தைத் தள்ளிப்போடும். குளிரூட்டிய அரங்கில் பத்து மணி நேரம் இருக்கப் போகிறீர்கள் என்பதால் மெல்லிய மேலாடை ஒன்று அவசியம். அடுத்த அரங்கின் வரிசையில் போய் நிற்பதற்கு முன், பத்து நிமிடமாவது வெளியே நடந்து, தொலைவில் உள்ளவற்றைப் பாருங்கள். கைபேசித் திரையைப் பார்ப்பது ஓய்வாகாது. அட்டவணையின் அச்சுப் பிரதி ஒன்று பையில் இருக்கட்டும். அரங்க வாசலில் ஒட்டப்படும் மாற்றங்களை அதிலேயே குறித்துக்கொள்ளலாம்.

இடைவேளைகளில் செய்ய வேண்டிய இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு படம் முடிந்ததும், மனத்தில் நின்ற ஒரு காட்சி, ஒரு ஒலி, ஒரு கேள்வி என்று மூன்று வரிகள் எழுதிவிடுங்கள். ஒருமுறை நான் இப்படி எழுதாமல் விட்டதால், ஒரு படத்தின் ஏரிக்கரையில் இன்னொரு படத்தின் முதியவரை உட்கார வைத்துவிட்டேன். அந்தக் காட்சி எவ்வளவு அழகானது என்று நண்பரிடம் ஒரு மணி நேரம் வாதிட்டதில், அவருக்கும் அது நினைவில் இருப்பதுபோல் ஆகிவிட்டது. கடைசிப் படத்துக்கான மூன்று வரிகளை வீடு திரும்பும் வழியிலேயே எழுதிவிடுங்கள். காலையில் எழுதலாம் என்று விட்டால் அதுதான் முதலில் மறந்துபோகும்.