அழுத்த உறை சுருண்டு கையை இறுக்கியபோது

லிம்ஃபெடிமா எனும் நிணநீர் வீக்கத்தில் தேங்குவது வெறும் நீர் அல்ல, புரதம் கலந்த திரவம். அதனால்தான் சிறுநீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை இதற்குக் கைகொடுப்பதில்லை. நீர் போகும், புரதம் தங்கும், வீக்கம் திரும்பும்.

இந்த வீக்கம் உள்ள என் கையில் தொல்லை தந்தது அழுத்த உறைதான், அதாவது வீக்கத்தைக் கட்டுப்படுத்தக் கையில் மாட்டும் இறுக்கமான மீள்துணி உறை. மேல் விளிம்பு சுருண்டு கயிறு கட்டியதுபோல் இறுக்கியது, விரல்கள் உப்பின. காரணம் இரண்டு. நீளமாக இருந்த உறையை மேலே மடித்துவிட்டதால் அந்த இடத்தில் மட்டும் அழுத்தம் கூடியது. வீக்கம் வடியும் முன்பே அளவெடுத்தது அடுத்த தவறு. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் பல அடுக்குக் கட்டுப் போட்டு, கையளவு நிலைத்த பிறகு புதிதாக அளவெடுத்தார். விரல்களுக்குத் தனிக் கையுறையும் சேர்ந்தது. அதன்பின் சுருளவில்லை.

மணிக்கட்டிலிருந்து மேலே 4 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து, இரு கைகளின் சுற்றளவையும் காலையில் நாடாவை இறுக்காமல் அளந்து எழுதுங்கள். ஒரே புள்ளியில் இரு கைகளுக்கும் இடையே 2 செ.மீ. வித்தியாசம் கண்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உறையை எழுந்ததும் போடுவது எளிது, அப்போது வீக்கம் குறைவு. ரப்பர் கையுறை அணிந்து நீவினால் சுருக்கமில்லாமல் ஏறும். தோலுக்கான கிரீம் இரவில் மட்டும். காலையில் தடவினால் உறை வழுக்கும். சுமார் 6 மாதத்தில் அதன் இழுவை தளர்ந்துவிடும், மாற்றுங்கள்.

கை திடீரெனச் சிவந்து சுட்டால், காய்ச்சலும் வந்தால், அது தோல் தொற்றாக இருக்கலாம். நிணநீரை வடிக்க மென்மையாக நீவும் மசாஜ் செய்துவந்தால் அதை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாடிக் தாமதிக்கக் கூடாது.