முழங்கால் தேய்மான வலிக்கு மஞ்சள் மாத்திரை: எப்படி எடுப்பது

ரசத்திலும் பாலிலும் போடும் மஞ்சள் முழங்கால் வலிக்கு எட்டாது. மஞ்சள் தூளில் அதன் முக்கியச் சத்தான குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். ஒரு டீஸ்பூனில் 90 மில்லிகிராம் தேறினால் அதிகம். வலி ஓரளவு குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்கு 1000 மில்லிகிராம் வாக்கில் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் மாத்திரை.

வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். வெறும் 'மஞ்சள் தூள் 500 மி.கி.' என்றிருந்தால் வைத்துவிடுங்கள். 'குர்குமினாய்டு 95 சதவீதம்' (குர்குமினும் அதன் இனச் சத்துகளும்) என்றிருக்க வேண்டும். 500 மி.கி. மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டோடு. குர்குமின் கொழுப்பில் கரைவது. இலையில் கொஞ்சம் நெய் இருக்கட்டும். வெறும் வயிற்றில் போட்டால் எரிச்சல்தான் மிச்சம். ஆறு வாரம் பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

மிளகுச் சத்தான பைப்பரின் சேர்த்தது உடம்பில் நன்றாக ஏறும். கூடவே வேறு சில மருந்துகளின் அளவையும் ஏற்றிவிடும். அரிதாகக் கல்லீரலும் பாதிக்கப்படுவதுண்டு: சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளித்தாலோ அன்றே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோக்ரெல் மருந்துகளை எடுப்பவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.