சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஒரு போர்ச்சுகீசிய சிற்றூர் கிளப்புக்கு ரசிகராவது எப்படி

லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இங்கே ஆள் சேர்க்க வேண்டியதில்லை, கோப்பிக்கடைக்குக் கடை இருக்கிறார்கள். ஊர் பேர் தெரியாத ஒரு கிளப்பைப் பிடித்துக்கொண்டு, தோ பாயோ வீவக வீட்டிலிருந்தே அதன் வெற்றி தோல்விக்கு ரத்த அழுத்தம் ஏற்றிக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்குத்தான் இது. நான் பள்ளி நாளிலிருந்து ஹாக்கி கோல்கீப்பர். அதனால் என் யோசனைகள் கொஞ்சம் ஒரு பக்கமாகத்தான் சாயும்.

என் கிளப் லோசாதா. போர்ட்டோ மாவட்டத்துச் சின்ன ஊர். திராட்சைத் தோட்டங்கள், ஒரு ராலிகிராஸ் கார்ப் பந்தயத் தடம், ஊர்ப் பெயரையே தாங்கிய ஒரு விளையாட்டுச் சங்கம். காற்பந்து, ஹாக்கி இரண்டுக்கும் ஒரே சின்னம். காற்பந்துதான் வீட்டின் செல்லப்பிள்ளை. பரிசு வாங்கிக்கொண்டு வருவதோ ஹாக்கி. தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்றிருக்கிறது, ஐரோப்பிய கிளப் போட்டிகளுக்கும் போயிருக்கிறது. போர்ச்சுகலில் திடல் ஹாக்கி ஆடுகிறவர்கள் குறைவு. ஆகவே காற்பந்தில் போர்ட்டோ, பென்ஃபிகாவின் நிழலில் நிற்கிற சிற்றூர், ஹாக்கியில் நாட்டுக்கே தலைமை தாங்க முடிகிறது. நீங்களும் ஹாக்கி வழியாக உள்ளே போங்கள், காற்பந்து தானாகப் பின்னால் வரும்.

பல விளையாட்டுக்கு ஒரே சின்னம் என்கிற இந்த மாதிரிக் கிளப் நமக்குப் புதிதுமல்ல. பாலஸ்டியர் சாலையில் 1923-இல் தொடங்கிய இந்தியர் சங்கமும் அதன் அக்கம்பக்கத்துக் கிளப்புகளும் இதே ஜாதிதான். பாடாங் திடலின் ஓரத்தில் இருக்கும் சிங்கப்பூர் ரிக்ரியேஷன் கிளப்பை 1883-இல் தொடங்கியவர்கள் யூரேசியர்கள். அவர்களில் பல குடும்பங்களுக்குப் போர்ச்சுகீசியக் குடும்பப் பெயர்.

முதல் வேலை, சரியான ஹாக்கியைக் கண்டுபிடிப்பது. போர்ச்சுகலில் வெறுமனே 'ஓக்கெய்' என்றால் சக்கரக் காலணி போட்டு அரங்குக்குள் ஆடுவது. அதில் அவர்கள் 2019-இல் உலக வெற்றியாளர்கள், ஆகவே தேடினால் அதுதான் குவியும். நமக்கு வேண்டியது 'ஓக்கெய் எங் காம்ப்பு', திடல் ஹாக்கி. படத்தில் காலுக்கடியில் சக்கரம் தெரிந்தால் அடுத்ததற்குப் போய்விடுங்கள். குளிர்காலத்தில் இதே அணிகள் உள்ளரங்கு ஹாக்கியும் ஆடும். கோல் எண்ணிக்கை திடீரென்று எகிறினால் பதறாமல், எந்த ஆட்டம் என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது புள்ளிப் பட்டியல். அங்கேதான் நம் கண் ஏமாறும். இங்கிலீஷ் லீக் பார்த்துப் பழகியதால் 'டி' என்ற எழுத்தைச் சமநிலை என்றே படிப்போம். அங்கே 'டி' என்றால் தோல்வி! 'வி' வெற்றி, 'இ' சமநிலை. நாலு 'டி' வாங்கிய அணியைப் பார்த்து "பரவாயில்லையே, தோற்கவே இல்லை" என்று சந்தோஷப்படாதீர்கள்.

ஒரே கிளப் பெயர் ஒரே வாரத்தில் பல இடங்களில் வரும். பெஞ்சமின்ஸ் என்றால் பதினொன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பொடிசுகள், யுவெனிஸ் பதினேழுக்குக் கீழ், சீனியோரிஸ்தான் பெரியவர்கள். ஒன்பது பூஜ்யம் என்று ஜெயித்ததாக நண்பருக்குத் தகவல் அனுப்புவதற்கு முன்னால் வயதைப் பார்த்துக்கொள்வது நல்லது. காற்பந்துக்கு ஸீரோஸீரோ என்ற போர்ச்சுகீசியத் தளம் போதும். மாவட்ட லீக் வரை இருக்கும். ஹாக்கிக்கு அவர்களுடைய சம்மேளனப் பக்கமும் கிளப்பின் சொந்தப் பக்கமும்.

நேரக் கணக்கு: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாம் 7 மணி நேரம் முன்னால், மற்ற மாதங்களில் 8. குளிர்காலத்தில் அங்கே ஞாயிறு பிற்பகல் 3 மணி ஆட்டம் நமக்கு இரவு 11. முடியும்போது நள்ளிரவு தாண்டி மணி ஒன்றாகிவிடும், விடிந்தால் திங்கள். "அவங்க கோல் போட்டா உங்களுக்குப் போனஸ் வருதாங்க?" என்று என் வீட்டம்மா கேட்டது அப்படியோர் இரவில்தான். காலை 11 மணி ஆட்டம் என்றால் இங்கே இரவு 7. சாப்பாட்டுத் தட்டோடு பார்க்கலாம், வீட்டில் சண்டையும் இல்லை.

ஹாக்கி தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி. பச்சை அட்டை 2 நிமிடம் வெளியே, மஞ்சள் குறைந்தது 5 நிமிடம். கோல் முன்னால் இருக்கும் அரைவட்டத்துக்குள் தாக்கும் அணியின் மட்டை பட்டால்தான் கோல். பெனால்டி கார்னர் கொடுத்ததும் முகமூடி மாட்டிக்கொண்டு நாலு பேர் கோல்கீப்பரோடு நிற்பார்கள் பாருங்கள், அந்த இடத்தில் மட்டும் கைப்பேசியை விட்டுக் கண்ணெடுக்காதீர்கள். நேரலை பல நாள் கிடைக்காது. கிடைத்தாலும் காற்றில் ஆடும் கேமராதான்.

காற்பந்தில் எதிர்பார்க்க வேண்டியது போர்ச்சுகல் கோப்பை. மூன்றாவது சுற்றில்தான் முதல் பிரிவு அணிகள் நுழைகின்றன, அதுவும் கீழ்ப்பிரிவுக் கிளப்பின் சொந்தத் திடலுக்கே வந்து ஆட வேண்டும். உங்கள் கிளப் அதுவரை தாக்குப்பிடித்தால் அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரில் போவதென்றால் போர்ட்டோவிலிருந்து டோரோ பாதை ரயிலில் காய்டே நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து டாக்சி. ஜூலையில் போகாதீர்கள், பருவம் முடிந்திருக்கும். குளிர்காலத்தில் வடக்கில் நல்ல மழை, குடையைவிட மழைச்சட்டை மேல். ஹாக்கிக்குச் செயற்கைத் தரை வேண்டும் என்பதால் அது காற்பந்துத் திடலாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. எந்தத் திடல் என்று முதல் நாளே கிளப்புக்கு எழுதிக் கேட்டு, பெயரைக் கைப்பேசியில் பெரிய எழுத்தில் வைத்துக்கொண்டு டாக்சிக்காரரிடம் காட்டுங்கள்.