ரவுண்டு வாங்கிக் கெடுக்காதீர்கள்: கேஎல்லில் கிராஃப்ட் பீர் ருசிக்கப் போகிறவர்களுக்கு

புக்கிட் பிந்தாங், டாமன்சாரா அப்டவுன் பக்கமுள்ள கிராஃப்ட் பீர் (சின்ன ஆலைகள் தனித்தனி ருசியில் காய்ச்சுகிற பீர்) கடைகளில் இப்போதெல்லாம் நம் பிள்ளைகளை நிறையவே பார்க்க முடிகிறது. அதில் எனக்கு உண்மையான சந்தோஷம். பீர் என்றால் டவர் அல்லது பக்கெட், இரண்டை விட்டால் வேறில்லை என்று இருந்த நிலை மாறிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவர்கள் மேசையைக் கொஞ்ச நேரம் கவனித்தால் வயிறு எரிகிறது. நானும் என் கூட்டாளிகளும் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள், அதே வரிசையில் வருகின்றன.

வெறும் வயிற்றில் குடிக்காதே, நடுநடுவே தண்ணீர் குடி, 21 வயது ஆகாதவனைக் கூட்டிப் போகாதே. இதெல்லாம் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களே செய்கிற தவறுகளைப் பற்றித்தான் இது.

ரவுண்டு வாங்குவது

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

ஆறு பேர் வந்து உட்காருகிறார்கள். சுவரில் உள்ள பலகையில் ஒரு டஜனுக்கு மேல் பீர் பெயர்கள், பக்கத்தில் ஆல்கஹால் சதவீதம், விலை. யாரும் முழுசாகப் படிப்பதில்லை. வயதில் மூத்தவர் கையைத் தூக்குகிறார். "பாஸ், அந்த எட்டரை பர்சன்ட் இருக்குல்ல, அதுல ஆறு." ஓரத்தில் இருக்கிற பையன் மெதுவாகக் கேட்கிறான்: "அண்ணே, நான் அந்தக் கோதுமை பீர் குடிச்சுப் பாக்கட்டுமா?" "மொதல்ல இதக் குடிடா தம்பி, அடுத்த ரவுண்டுல பாத்துக்கலாம்." அடுத்த ரவுண்டை வாங்குகிறவர் பலகையைப் பார்ப்பதே இல்லை. "சேம் லா" என்று சொல்லிவிட்டு விட்ட கதையைத் தொடர்கிறார். அந்தப் பையன் வீட்டுக்குப் போகும்வரை கோதுமை பீரைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

ரவுண்டு என்பது மொய் மாதிரி. ஒருவர் வைத்துவிட்டால், திருப்பி வைக்காமல் யாரும் எழுந்து போக முடியாது. ஆறு பேர் என்றால் ஆறு ரவுண்டு. நாலாவதில் போதும் என்று தோன்றினாலும் ஐந்தாமவரும் ஆறாமவரும் தங்கள் பங்கை வாங்கியே தீர வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுக்கு முகம் விழுந்துவிடும். ஒரே லாகரை (வழக்கமாகக் கிடைக்கிற லேசான பொன்னிற பீரை) ஐந்து பாட்டில் பக்கெட்டாக வாங்கிக் குடிக்கிற இடத்தில் இந்த முறையால் பெரிய கெடுதல் இல்லை, காசுதான் கரையும். ஆனால் பன்னிரண்டு விதம் இருக்கிறது என்பதற்காகவே தேடி வந்த கடையில் ஒருவர் எல்லோருக்கும் தேர்ந்தெடுத்தால், வந்த வேலையே கெட்டுப்போகிறது.

வேகமும் அப்படித்தான். ரவுண்டில் மேசையின் வேகத்தை முடிவு செய்கிறவர் ரொம்ப வேகமாகக் குடிக்கிறவர். அவர் கிளாஸ் காலியானதும் அடுத்தது வந்துவிடும். மெதுவாகக் குடிக்கிறவர் முன்னால் இரண்டு கிளாஸ் நிற்கும். அவர் அவசர அவசரமாக விழுங்குவார். மூக்குக்கு வேலையே இருக்காது. பீரின் ருசியில் பெரும்பங்கு வாசனை என்பதால், விழுங்கினவர் அதைக் குடித்தார், அவ்வளவுதான். ருசித்ததாகக் கணக்கில் சேராது.

இப்போது போதைக் கணக்கைப் பாருங்கள். சாதாரண 330 மில்லி கேன், 5 சதவீதம் என்றால் அதில் 13 கிராம் ஆல்கஹால். 473 மில்லி கிளாஸில் எட்டரை சதவீத டபுள் ஐபிஏ (ஐபிஏ என்பது கசப்பு கூடிய பீர் வகை, டபுள் என்றால் ஆல்கஹாலும் கூடுதல்) ஊற்றினால் கிட்டத்தட்ட 32 கிராம். அதாவது ஒரு கிளாஸ் இரண்டரை கேனுக்குச் சமம். மூன்று ரவுண்டில் ஏழு கேன் உள்ளே போய்விட்டது. ஆனால் கையும் மனசும் மூன்று என்றுதான் எண்ணிக்கொண்டிருக்கும். "மூணே மூணு கிளாஸ்தான்டா குடிச்சேன்" என்று மறுநாள் தலையைப் பிடித்துக்கொள்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

காசும் இதே வழியில்தான் போகிறது. மலேசியாவில் பீருக்கான கலால் வரி அதில் உள்ள சுத்த ஆல்கஹாலின் அளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2016 மார்ச்சில் அது லிட்டருக்கு 175 ரிங்கிட் ஆனது. அந்தக் கணக்கிலேயே பார்த்தாலும் 330 மில்லி, 5 சதவீத கேனுக்கு 2 ரிங்கிட் 90 காசு அளவுக்கு வரி. 440 மில்லி, 8 சதவீத கேனுக்கு 6 ரிங்கிட்டுக்கு மேல். இறக்குமதிச் செலவு, குளிர்பதனம், கடை வாடகை எல்லாம் அதற்குப் பிறகு. கனமான, அதாவது ஆல்கஹால் கூடிய பீர் விலை கூடியது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த விலை கொடுத்து வாங்கியதை, பேச்சு மும்முரத்தில் என்னவென்றே தெரியாமல் ஊற்றிக்கொள்கிறோம்.

ஒரு கூட்டாளியின் பிறந்தநாள் நினைவுக்கு வருகிறது. விஸ்கி பீப்பாயில் ஊறவைத்த ஸ்டவுட் (கருப்பு பீர்) ஒன்றை அன்று இரவு ஒன்பது மணிக்குக் குழாயில் மாட்டப் போகிறார்கள், ஒரே ஒரு கெக் (உலோகப் பீப்பாய்) தான் என்று தெரிந்துதான் எல்லோரையும் அங்கே கூப்பிட்டிருந்தான். ஆறரைக்கே கூடியவர்கள் ரவுண்டை ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்பதுக்கு அந்த ஸ்டவுட் வந்தபோது மேசையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், இருவர் வெளியே போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் ஒரு மிடறு குடித்துவிட்டு "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார்கள். கடை மூடும்போது பார்த்தேன். காப்பி நிற நுரை கீழே இறங்கி, கிளாஸின் உள்பக்கம் வளையம் வளையமாகக் காய்ந்துபோயிருந்தது. பதினொரு சதவீத ஸ்டவுட், ஐந்து கிளாஸ், முக்கால்வாசி அப்படியே. கழுவும் தொட்டியில் கொட்டினார்கள். அதைக் காய்ச்சியவர் ஒரு வருஷம் பீப்பாயில் வைத்துக் காத்திருந்திருப்பார். பிறந்தநாள்காரன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க மனசு வரவில்லை.

சரி, வேறு எப்படி? ஆறு பேர், ஆறு விதமான அரை பைன்ட் (கால் லிட்டர் அளவு) வாங்குங்கள். கடைக்காரரிடம் சின்ன காலி கிளாஸ் கேளுங்கள். எச்சில் பிரச்சினை வராது, நம் ஆட்களுக்கு அது முக்கியம். ஒவ்வொன்றையும் ஆறாகப் பங்கு போட்டால், ஆளுக்கு ஏறக்குறைய 250 மில்லியில் ஆறு பீர் ருசித்தாகிவிட்டது. எது பிடித்ததோ அதை அப்புறம் அவரவர் தனியாக வாங்கிக்கொள்ளலாம். ஃப்ளைட் என்று நாலைந்து சின்ன கிளாஸ்களைப் பலகையில் வைத்துத் தருகிற கடைகளில் வேலை இன்னும் சுலபம். கனம் குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிப் போங்கள். கசப்பும் கருப்பும் புளிப்பும் முதலில் நாக்கில் ஏறினால், பின்னால் வருகிற மென்மையான பீர் வெறும் தண்ணீராகத் தெரியும்.

பணத்துக்கு உட்காரும் முன்பே பேசிவிடுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று பொதுவில் போட்டு ஒருவர் வைத்துக்கொள்ளலாம், அல்லது அவரவர் கணக்கு அவரவருக்கு. அண்ணனுக்கு மரியாதை குறைந்துவிடும் என்று பயமா? சாப்பாட்டை அவர் வாங்கட்டும். பீரை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். இதை நான் பல மேசைகளில் சொல்லியிருக்கிறேன், கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. பரவாயில்லை.

ஐபிஏயில்தான் தொடங்க வேண்டும் என்று நினைப்பது

யாரோ இணையத்தில் சொல்லிவிட்டார்கள் என்று முதல் நாளே கடும் கசப்பு ஐபிஏ வாங்கி, முகம் சுளித்து, "இது நமக்கு ஒத்துவராது" என்று எழுந்து போகிறவர்கள் அதிகம். நம் நாக்குக்கு ஏற்கெனவே பழகிய ருசிகள் உண்டு. கோப்பி ஓ குடித்து வளர்ந்தவர்களுக்கு வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய பார்லியின்) கசப்பு புதிதில்லை, அப்பா, தாத்தா காலத்திலிருந்தே ஸ்டவுட் நம் வீடுகளில் இருக்கிறது. அதனால் ஒரு நல்ல ஸ்டவுட்டிலோ, அதே மாதிரி கருப்பான போர்ட்டரிலோ தொடங்கலாம். இல்லாவிட்டால் ஜெர்மன் பாணி கோதுமை பீர். அதில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். பழமோ மசாலாவோ போட்டிருக்க மாட்டார்கள், அந்த வகை ஈஸ்ட் நொதிக்கும்போது தானாக உண்டாக்குகிற வாசனை அது. ஐபிஏ மூன்றாவது நான்காவது தடவை வரட்டும். அப்போது பிடிக்கும்.

மதிப்பெண்ணைப் பார்த்து வாங்குவது

பீருக்கு மதிப்பெண் போடுகிற செயலிகளில் அதிக நட்சத்திரம் வாங்குவது பெரும்பாலும் கனமான, இனிப்பான, அபூர்வமான பீர்கள்தான். நன்றாகக் காய்ச்சிய பில்ஸ்னருக்கு (லாகரில் ஒரு வகை) அங்கே மரியாதை இல்லை. குழாய்க்குப் பின்னால் நிற்கிறவரைக் கேளுங்கள்: எது புதிதாக மாட்டினது?

கிளாஸைப் பார்க்காமல் குடிப்பது

பீர் வந்ததும் பத்து நொடி அதைப் பாருங்கள். கிளாஸின் உள்சுவரில் குமிழ்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு மேலே ஏறாமல் நின்றால், அங்கே எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருக்கிறது. கழுவல் சரியில்லை. சுத்தமான கிளாஸில் குமிழ் நேராக மேலே போகும், நுரை நிற்கும், ஒவ்வொரு மிடறுக்கும் சுவரில் வெள்ளைக் கோடு படியும்.

அப்புறம் மோந்து பாருங்கள். லாகரில் வெண்ணெய் பூசிய பாப்கார்ன் வாசனை, இருக்கக்கூடாத இடத்தில் காடி வாசனை என்றால் பல நேரங்களில் குற்றம் பீர் வரும் குழாயில்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டிய குழாய் அது. செய்யாத கடையில் உலகத்தின் எந்த நல்ல பீரும் ஒரே மாதிரி நாறும். முதல் மிடறிலேயே மரியாதையாகச் சொன்னால் பொறுப்பான கடைக்காரர் மாற்றித் தருவார். முக்கால் கிளாஸ் குடித்துவிட்டுச் சொன்னால் யார் கேட்பார்? பிடிக்கவில்லை என்பது வேறு, கெட்டுப்போயிருக்கிறது என்பது வேறு. புளிப்பு பீரை வாங்கிவிட்டு "புளிக்குது" என்று திருப்பாதீர்கள்.

ஐஸ், உறைந்த கிளாஸ்

கேட்காதீர்கள். வாசனை செத்துவிடும்.

காரமான சைடிஷ்

மட்டன் வருவலோடு கசப்பு ஐபிஏ வைத்தால் காரம் இரண்டு மடங்காக ஏறும். ஆல்கஹாலும் கேஸும் எரிச்சலைக் கூட்டும், ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூவின்) கசப்பு அதை நாக்கிலேயே நிறுத்திவைக்கும். எரிகிறது என்று இன்னும் வேகமாகக் குடிப்போம். வருவல், சம்பால் பக்கம் போகிறீர்கள் என்றால் மால்ட் இனிப்பு உள்ள பீரோ கோதுமை பீரோ எடுங்கள். ஐபிஏவுக்குக் காரமில்லாத வறுத்த கோழி போதும்.

பெர்ஃப்யூம்

ருசிக்கப் போகிற அன்று வேண்டாம். உங்களுக்காக இல்லாவிட்டாலும் பக்கத்து மேசைக்காக.

வாங்கிய கேனை வண்டியில் விடுவது

பீர்த் தொழிலில் 3-30-300 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஏறக்குறைய 32 டிகிரியில் மூன்று நாள் இருந்தால் பீருக்கு என்ன ஆகுமோ, அது 22 டிகிரியில் முப்பது நாளிலும், 3 டிகிரியில் முந்நூறு நாளிலும் ஆகும். 32 டிகிரி என்பது கேஎல்லில் சாதாரண மத்தியானம். வெயிலில் நிற்கிற காரின் பூட் அதைவிட மோசம். கடையிலிருந்து அருமையான ஐபிஏ கேன் வாங்கி, வார இறுதிவரை பூட்டிலேயே வைத்திருந்து, தீபாவளிக்கு வருகிற மாமாவுக்கு ஊற்றிக் கொடுத்தால் ஈர அட்டைப்பெட்டி வாசனைதான் வரும். மாமா பாவம், இதுதான் கிராஃப்ட் பீர் என்று நினைத்துக்கொள்வார். வாங்கும்போதே கேனின் அடியில் அடைத்த தேதியைப் பாருங்கள். ஐபிஏ என்றால் மூன்று மாதத்தைத் தாண்டியதை நான் எடுக்க மாட்டேன். குளிர்பெட்டியில் வைக்காமல் அலமாரியில் அடுக்கியிருக்கிற கடையில் எதையுமே எடுக்க மாட்டேன்.

சாவி

வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு எதிரான சட்டம் 2020 அக்டோபரில் இறுகியது. 100 மில்லி மூச்சில் 35 மைக்ரோகிராமாக இருந்த ஆல்கஹால் வரம்பு 22 ஆனது, இரத்தத்தில் 80 மில்லிகிராம் 50 ஆனது. முதல் தடவை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, குறைந்தது இரண்டு ஆண்டு லைசென்ஸ் ரத்து. புக்கிட் பிந்தாங்கில் எம்ஆர்டி நிற்கிறது, கிராப் இருக்கிறது.

பீர் திருவிழாக்களில்

பப் தவறுகள் எல்லாம் இங்கேயும் உண்டு, கூடவே இரண்டு.

ஒன்று, நுழைந்ததும் கூப்பன்களை மொத்தமாக வாங்குவது. கையில் மிச்சம் இருந்தால் அதைத் தீர்ப்பதற்காகவே கடைசி ஒரு மணி நேரம் குடிப்பீர்கள். பல இடங்களில் பணம் திரும்பத் தர மாட்டார்கள். கொஞ்சமாக வாங்குங்கள், தேவைப்பட்டால் மறுபடி வரிசையில் நில்லுங்கள். வரிசையில் நிற்கிற நேரம் உடம்புக்கு நல்லது. திறந்த முதல் மணி நேரத்தில் போனால் ஊற்றுகிறவர்களோடு பேச முடியும், சில சமயம் காய்ச்சியவரே நிற்பார். ராத்திரி பத்து மணிக்கு அங்கே பாட்டுச் சத்தம்தான். பினாங்கில் மலேசிய ஜெர்மன் சங்கம் நடத்துகிற அக்டோபர்ஃபெஸ்ட் மாதிரியான விழாக்கள் வேறு ரகம். அங்கே போவது கூட்டத்துக்கும் பாட்டுக்கும். பல வகை தேடிப் போய் ஏமாறாதீர்கள். மூனிக் விழா பீர் 6 சதவீதத்தை ஒட்டி இருக்கும், லிட்டர் குவளையில் வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, அனுமதி உறுதியாகும் முன்பே பஸ்ஸும் ஹோட்டலும் போட்டுவிடுவது. 2017 அக்டோபர் 6, 7 தேதிகளில் கேஎல்லின் பப்ளிக்கா பேரங்காடியில் நடக்கவிருந்த பெட்டர் பீர் ஃபெஸ்டிவலுக்கு, செப்டம்பரில் கோலாலம்பூர் மாநகர மன்றம் அனுமதி மறுத்தது. 2012 முதல் நடந்துவந்த விழா அது, முந்தைய வருஷங்களில் நடந்ததே என்ற நம்பிக்கை அந்த வருஷம் உதவவில்லை. ஈப்போவிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ வருகிறவர்கள் ரத்து செய்யக்கூடிய அறையாகப் போடுங்கள். டிக்கெட் வாங்கும் முன், விழா நின்றுபோனால் பணம் எத்தனை நாளில், எந்தக் கணக்குக்குத் திரும்பும் என்று நிபந்தனையில் எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் நடத்துகிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டுக் கேளுங்கள், பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.