காரில் துருப் புள்ளிகளா? முதலில் பம்பரைப் பாருங்கள்

காரைக் கழுவித் துடைத்து வெயிலில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய்ப் பார்க்கும்போதுதான் அது கண்ணில் படும். செங்கல் பொடியை ஒரு சிட்டிகை எடுத்து யாரோ ஊதிவிட்டது போல, ஆரஞ்சும் பழுப்புமாகக் குட்டிக் குட்டிப் புள்ளிகள். துணியால் தேய்த்தாலும் போகாது, ஷாம்பூ போட்டாலும் போகாது. வெள்ளை வண்டியில் பளிச்சென்று தெரியும். கறுப்பு வண்டியிலும் இருக்கும், ஆனால் கண்ணுக்குச் சிக்காது, அவ்வளவுதான்.

என் வண்டியில் முதல்முறை பார்த்தபோது வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தகடே துருப் பிடிக்கிறது என்று பயந்துபோய் ஒரு பெயின்டரிடம் காட்டினேன். பானட்டையும் மேற்கூரையையும் முழுதாகத் தேய்த்துவிட்டு மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நல்லவேளையாக அன்று அவருக்கு வேலை அதிகம், என்னை அப்புறம் வரச் சொன்னார். வீட்டுக்கு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தால் அதே புள்ளிகள் பின்பக்க பம்பரிலும் இருக்கின்றன. பம்பர் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் எங்கே துருப் பிடிக்கும்?

ஆகவே நீங்களும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். பம்பர், பக்கக் கண்ணாடியின் கூடு மாதிரி பிளாஸ்டிக் பாகங்களிலும் அதே புள்ளி இருந்தால், துரு உங்கள் வண்டியிலிருந்து வரவில்லை, வெளியிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறது. ரயில் சக்கரமும் தண்டவாளமும் உரசும்போது பறக்கும் இரும்புத்தூள், முன்னால் போகும் வண்டிகளின் பிரேக் டிஸ்க் தேய்ந்து வரும் தூள், பக்கத்தில் யாராவது கிரைண்டர் போட்டுக் கம்பி அறுத்தால் தெறிக்கும் பொறி, எல்லாமே இரும்புதான். பொறி சூடாக வந்து விழுந்தால் பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சில் அப்படியே பதிந்துவிடும். அப்புறம் மழையோ பனியோ பட்டால் அந்தத் துகள் துருவாக மாறும். இரும்பை விடத் துருவுக்குப் பருமன் அதிகம் என்பதால், பதிந்த இடத்தைச் சுற்றி நெருக்கிக்கொண்டே போகும். கிளியர் கோட் பெரும்பாலான வண்டிகளில் சுமார் 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடி அளவுகூடத் தேறாது. தகடு துருப் பிடிக்கவில்லை என்பதால் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் பூச்சு இவ்வளவு மெல்லிசு என்பதால் வருஷக்கணக்கில் விட்டுவைக்கவும் கூடாது.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. வண்டியை நன்றாகக் கழுவி, ஈரம் இருக்கும்போதே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கைக்குள் மாட்டிக்கொண்டு பானட்டின் மேல் லேசாகத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழவென்று தெரிந்த இடம், பையோடு தடவினால் மணல் ஒட்டியது போலச் சொரசொரவென்று இருக்கும். அப்படி இருந்தால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து ஒட்டியதுதான்.

கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் வரும் துரு வேறு மாதிரி. விரல் வைத்தால் மேடாக இருக்காது, குழியாக இருக்கும். நடுவில் கருத்த பழுப்பு, சுற்றிலும் பெயின்ட்டின் உடைந்த ஓரம். பானட்டின் முன் விளிம்பிலும் சக்கர வளைவுக்குப் பின்னாலும்தான் அதிகம் இருக்கும். மூன்றாவது வகைதான் மோசமானது: பெயின்ட் உடையாமலேயே கொப்புளம் மாதிரி உப்பி நிற்கும், கதவின் அடி விளிம்பு, சக்கர வளைவின் உதடு போன்ற இடங்களில். அங்கே துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. இவை எதுவுமில்லாமல் மஞ்சள் பழுப்பாகச் சொட்டுச் சொட்டாக இருந்தால் தேனீ எச்சமாக இருக்கலாம். ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு வைத்துத் துடைத்தால் போய்விடும்.

சரி, வெளியிலிருந்து வந்த தூள் என்று உறுதியாகிவிட்டது. இதற்கென்றே அயர்ன் ரிமூவர் என்று ஒரு ஸ்பிரே விற்கிறது. வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் நேரத்தில், கழுவிவிட்டு அடியுங்கள். ஓரிரு நிமிஷத்தில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஊதா நிறத்தில் ஒரு கோடு கசிந்து கீழே இறங்கும். முதல்முறை பார்த்தபோது வண்டியில் காயம் பட்டு ரத்தம் வழிவது போல எனக்குத் திக்கென்று இருந்தது, ஆனால் மருந்து வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம். நாற்றம் சகிக்காது, முடி நீக்கும் க்ரீமில் இருக்கும் அதே குடும்பத்து ரசாயனம் இது. கையுறை போடுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், வேறு எந்த ஆசிட்டையும் பிளீச்சையும் இதோடு கலக்கவே கூடாது. டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் விடாமல், முக்கியமாக மேலேயே காய்ந்துபோக விடாமல், நிறையத் தண்ணீர் ஊற்றி அலசிவிடுங்கள். நிறைய இருந்தால் இன்னொரு தடவை அடிக்கலாம். புதிதாக அடித்த பெயின்ட் என்றால் அது முழுக்க இறுகும் வரை இந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஊதாவாகி அலசிய பிறகும் சில புள்ளிகள் பிடிவாதமாக நிற்கும். அதற்குக் கிளே பார். களிமண் கட்டி மாதிரி இருக்கும், ஒரு துண்டு பிய்த்துக் கையில் பிசைந்து தட்டையாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கான வழுக்குத் திரவத்தைப் பெயின்ட் மேல் தாராளமாக அடித்து, கட்டியை நேர்கோட்டில் முன்னும் பின்னும் லேசாக ஓட்டுங்கள், வட்டமாகச் சுற்றாதீர்கள், அழுத்தாதீர்கள். முதலில் கரகரவென்று சத்தம் வரும், கையில் தடை தெரியும். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிக் கட்டி தானாக வழுக்க ஆரம்பித்தால் அந்த இடம் முடிந்தது. கட்டியில் அழுக்கு தெரிந்ததும் மடித்துப் புது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கீழே விழுந்துவிட்டால் அந்தத் துண்டை எறிந்துவிடுங்கள், மனசு வரவில்லை என்றாலும். ஒட்டிய ஒரு மணல் போதும், பானட் முழுக்கக் கீறல் விழ. அயர்ன் ரிமூவரை முதலில் அடிக்கச் சொல்வதும் இதனால்தான், இல்லையென்றால் அந்த இரும்புத்தூளையே கட்டியில் ஒட்டவைத்துப் பெயின்ட் மேல் இழுப்பீர்கள்.

நகத்தால் சுரண்டுவது, உப்புத்தாளால் தேய்ப்பது, கழிவறைக்கு வைத்திருக்கும் ஆசிட் ஊற்றுவது இதெல்லாம் வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் கேடு. கீறலும் போட்டு, தன் பங்குக்குப் புது இரும்புத் துகளையும் அங்கே விட்டுவிட்டுப் போகும்.

எல்லாம் முடிந்ததும் பெயின்ட்டைக் காக்கும் பூச்சான வேக்ஸ் அல்லது சீலன்ட் போட்டாக வேண்டும், ஏனென்றால் கிளே பார் பழைய வேக்ஸையும் சேர்த்து எடுத்திருக்கும். போட்டுவிட்டால் அடுத்து விழும் தூள் அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது. ரயில் பாதை ஓரமாக நிறுத்துகிற வண்டி என்றால் திரும்ப வரத்தான் செய்யும்.

கல் பட்ட இடத்துக்கு இந்த மருந்தெல்லாம் போதாது. ஊசி முனையால் துருவைச் சுரண்டி எடுத்து, பளபளவென்ற தகடு தெரியும் வரை போங்கள். முழுதாக வரவில்லை என்றால் துருவை மாற்றும் திரவம் (ரஸ்ட் கன்வெர்ட்டர்) ஒரு சொட்டு வைத்துக் காயவிடுங்கள். அப்புறம் ஆல்கஹாலால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் என்ற அடிப்பூச்சை வைத்துவிடுங்கள், வெறும் தகட்டை ராத்திரி முழுக்க விட்டால் மறுபடி பூத்துவிடும். நிறத்தின் குறியீட்டு எண் பெரும்பாலும் கதவைத் திறந்தால் தூணில் இருக்கும் ஸ்டிக்கரிலோ பானட்டுக்கு அடியிலோ இருக்கும், அதைச் சொல்லி டச்-அப் பெயின்ட் வாங்குங்கள். மூடியோடு வரும் பிரஷ் இதற்குத் தடிமன், பல்குத்தும் குச்சியின் நுனியால் வைத்தால் குழிக்குள் மட்டும் நிற்கும். ஒரேயடியாக நிரப்பாமல் மெல்லிசாக இரண்டு மூன்று தடவை, நடுவில் காயவிட்டு வையுங்கள். கடைசியில் கிளியர் கோட்.

கொப்புளம் என்றால் நேரே டிங்கரிங் தெரிந்தவரிடம் போங்கள், மேலே பெயின்ட் அடித்து மறைத்துத் தருகிறேன் என்பவரிடம் அல்ல. போவதற்கு முன்னால் கதவின் அடி விளிம்பில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளை ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். சேறு அடைத்துக்கொண்டு உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தால், எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் அதே இடத்தில் மறுபடி உப்பும்.