கிறிஸ்துவோடு இன்னொன்றைச் சேர்க்காதீர்கள்: விசுவாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருவில் லிங்கராஜபுரம், பிரேசர் டவுன் பக்கம் உள்ள தமிழ்ச் சபைகளில் "கிறிஸ்து போதும்" என்ற செய்தியை ஞாயிறுதோறும் கேட்கலாம். ஆனால் திங்கட்கிழமை வேதம் வாசிக்காமல் வேலைக்குப் போய், மேலதிகாரியிடம் திட்டு வாங்கியதும், "காலையில் ஜெபிக்கவில்லை, அதனால்தான்" என்று மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. தேவனுடைய அன்பை அன்றன்றைய ஜெபத்தால் அளப்பதுதான் நம்மிடம் வேரோடியிருக்கும் தவறு. நாம் ஏற்றுக்கொள்ளப்பட்டது சிலுவையில் முடிந்த காரியம். ஜெபம் அதற்குக் கொடுக்கும் விலை அல்ல.

அப்போஸ்தலன் பவுல் நிருபம் (கடிதம்) எழுதிய கலாத்தியா நாட்டுச் சபைகளுக்குள் புகுந்த போதகர்கள் கிறிஸ்துவை விட்டுவிடச் சொல்லவில்லை. விசுவாசத்தோடு, யூதர்களின் உடன்படிக்கை அடையாளமான விருத்தசேதனமும் வேண்டும் என்றார்கள், அவ்வளவுதான். அதற்கே பவுல், தம் நிருபங்களின் தொடக்கத்தில் வழக்கமாக எழுதும் ஸ்தோத்திரத்தைக்கூட விட்டுவிட்டு நேராகக் கண்டிக்கத் தொடங்குகிறார். அந்தியோகியாவில் பேதுரு செய்ததையும் அதே நிருபம் சொல்கிறது. புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். அவர் தம் உபதேசத்தை மாற்றவில்லை, பந்தியை மட்டுமே மாற்றினார். சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ற நடை அது அல்ல என்று பவுல் எல்லாருக்கும் முன்பாகச் சொன்னார்.

நம் சபைகள் தடுக்கி விழுவதும் பெரும்பாலும் பந்தியில்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பெண் ஒருத்தி இரவுப் பணி முடிந்து, தூக்கம் சொக்கும் கண்களோடு, அலுவலக வண்டியிலிருந்து இறங்கி நேராக ஆராதனைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காதில் கம்மல், மூக்கில் மூக்குத்தி. "பாப்பா, நீ இரட்சிக்கப்பட்டிருக்கிறாயா?" என்று கேட்கும் சபை அம்மா ஒருவரின் பார்வை அவள் முகத்தில் இல்லை, காதில் இருக்கிறது. ஆராதனை முடிந்து பிரியாணிப் பொட்டலம் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. அடுத்த ஞாயிறு அவள் விடுதியிலேயே இருந்துவிடுவாள். நகை அணியாமல் இருப்பது ஒருவருடைய மனச்சாட்சியின் தீர்மானம் என்றால் அதை மதிக்க வேண்டும். அதையே இரட்சிப்பின் அடையாளமாக்கி அடுத்தவர் மேல் சுமத்துவது பெரிய அநியாயம்.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் காப்பீட்டுத் தவணைபோல் கட்டுகிறவர்களும் உண்டு. ஒரு மாதம் தவறினால் வீட்டில் நோய் வரும் என்று பயப்படுகிறார்கள். லூக்கா 18-இல் தசமபாகம் செலுத்தியவன், நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பரிசேயன். நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனவனோ, "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன். காணிக்கை கொடுங்கள், மகிழ்ச்சியோடு கொடுங்கள், பயத்தோடு வேண்டாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சபையும் வேண்டாம், ஜெபமும் வேண்டாம் என்று ஒதுங்குவதும் தவறுதான். கிரியைகளால் இரட்சிப்பு இல்லை என்று சொன்ன எபேசியர் 2, அடுத்த வசனத்திலேயே நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது.

பாவத்தில் விழுந்தவர்கள், மூன்று நாள் உபவாசம் இருந்து தங்களைச் சரிசெய்துகொண்டு பிறகு தேவனிடம் போகலாம் என்று தள்ளிப்போடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் மனம் மிகவும் வருந்துவது அவர்களுக்காகத்தான். 1 யோவான் 1:9 பாவ அறிக்கைக்கு முன் எந்தக் காத்திருப்புக் காலத்தையும் வைக்கவில்லை. விழுந்த அன்றைக்கே, விழுந்த இடத்திலிருந்தே, கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிப் போகலாம்.